எட்டுத் தெரு மேற்கே, எட்டுத் தெரு தெற்கே

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில் ஓர் இடத்துக்கு வழி கேட்டால் பெரும்பாலும் தெருவின் பெயர் கிடைக்காது, எண்தான் கிடைக்கும். ‘780 மேற்கு, 800 தெற்கு’ என்பார்கள். முதலில் குழப்பும், அரைநாள் நடந்தால் பிடிபட்டுவிடும். நகரின் நடுவே பத்து ஏக்கரில், மதிலுக்குள் இருக்கிறது மார்மன் கோவில் வளாகம். அதன் தென்கிழக்கு மூலையில் ஓர் அளவைக் கல் உண்டு. 1855இல் யூட்டாவின் நில அளவை அங்கிருந்துதான் தொடங்கியது. தெருக்களின் எண்ணும் கோவிலை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஒரு தெரு தாண்டினால் நூறு, இன்னொன்று தாண்டினால் இருநூறு. ஆக, மேலே சொன்ன முகவரியின் பொருள், கோவிலிலிருந்து மேற்கே எட்டுத் தெருவுக்குக் கொஞ்சம் குறைவு, தெற்கே எட்டுத் தெரு என்பதுதான். இந்த ஊரில் கடிதம் கொண்டுவருபவரும் பல் மருத்துவரைத் தேடிப் போகிறவரும், நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, கோவிலிலிருந்து தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று நாள் முழுதும் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். 1853இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கட்டி 1893இல் முடித்த அந்தக் கோவிலுக்குள் சபையின் தகுதிச்சீட்டு இல்லாதவர் போக முடியாது. ஆனால் அந்த எட்டுத் தெரு தள்ளியுள்ள முகவரியில் இருப்பது ஒரு தானியக் கிடங்கு. அதை யாரும் போய்ப் பார்க்கலாம். மார்மன்கள் தங்கள் வேதத்தை அன்றாட வாழ்வில் எப்படிப் பொருத்திக்கொள்கிறார்கள் என்று அறிய விரும்பும் பயணி, மூடிய கதவின்முன் நின்று ஏங்குவதைவிட இந்தக் கிடங்கு நோக்கி நடப்பது நல்லது.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்களுடைய முழுப்பெயர். மார்மன் என்பது வெளியார் வைத்த பட்டப்பெயராக வந்து நிலைத்தது. 2018இல் சபைத் தலைவர் ரஸல் நெல்சன் அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். வாசகருக்குப் பழகிய சொல் என்பதால் மட்டுமே இங்கே அதை எழுதுகிறேன். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. அதே ஆண்டு பல்மைரா என்ற சிற்றூரில் மார்மன் நூல் அச்சேறியது. வேதாகமம், மார்மன் நூல், ஜோசப் ஸ்மித்துக்கும் அவருக்குப் பின்வந்தோருக்கும் கிடைத்ததாக அவர்கள் நம்பும் வெளிப்பாடுகளைத் தொகுத்த ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’, ‘விலையேறப்பெற்ற முத்து’ ஆகிய நான்கும் இவர்களுக்கு வேதம். மார்மன் நூலின் தொடக்கத்திலேயே நேபி என்றொரு பாத்திரம் தன் சகோதரர்களுக்கு ஏசாயாவை வாசித்துக் காட்டுகிறான். அதைத் தங்களுக்கே சொன்னதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். ஒரு வேதநூல் தன்னை எப்படி வாசிக்கவேண்டும் என்று உள்ளேயே சொல்லித்தரும் இடம் இது. ஞாயிறு வகுப்பில் எந்தப் பகுதியை வாசித்தாலும், இது உன் வாரத்தில் எங்கே வருகிறது என்ற கேள்வி தவறாமல் எழுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். அதற்குள் இருக்கும் ஆபத்தையும் இந்த நிலமே காட்டுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து. ஒரு வசனத்தை வாழ்வில் பொருத்தும்போது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்? வாசித்தவரா, வேறொருவரா?

நிலத்திலிருந்தே தொடங்கலாம். கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் நிமிர்ந்து நிற்க, மேற்கே உப்பு ஏரி வெளுத்துக் கிடக்க, நடுவில் இருக்கும் சமவெளிக்கு 1847 ஜூலையில் பிரிகாம் யங்கின் தலைமையில் முதல் கூட்டம் வந்தது. இல்லினாய் மாநிலத்துச் சிறையில் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள். யங் நோயுற்றுப் பின்தங்கியிருந்தார். அவர் ஜூலை 24 அன்று வந்து சேர்வதற்கு முந்தின நாளே முன்னணியினர் ஏர் பூட்டிவிட்டார்கள். மண் இறுகிக் கிடந்தது. சிட்டி க்ரீக் என்னும் ஓடையை மறித்துத் தண்ணீரை வயலில் பாய்ச்சி, மண்ணை ஊறவைத்து உழுதார்கள். மறுநாள் உருளைக்கிழங்கு ஊன்றினார்கள். வனாந்தரம் பூக்கும் என்ற ஏசாயாவின் வாக்கை அவர்கள் இதற்கு முன் நூறு முறை வாசித்திருப்பார்கள். இங்கே அது மண்வெட்டி வேலையாக மாறியது. நன்னீர் ஏரியிலிருந்து புறப்பட்டு உப்பு ஏரியில் விழும் ஆற்றைப் பார்த்ததும் கலிலேயாவும் சவக்கடலும் நினைவுக்கு வர, அதற்கு யோர்தான் என்று பெயரிட்டார்கள். ஊரை வகுத்ததும் இதே மனத்தோடுதான். 1833இல் மிசூரியில் கட்டவிருந்த சீயோன் நகருக்காக ஜோசப் ஸ்மித் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். அகன்ற நேர்த்தெருக்கள், நடுவில் வழிபாட்டிடம், வயல் ஊருக்கு வெளியே, வீடு ஊருக்குள். விவசாயி தன் நிலத்தில் தனியே குடியிருக்காமல் பள்ளிக்கும் சபைக்கும் அருகில் இருக்கவேண்டும் என்பது எண்ணம். அந்த நகரம் மிசூரியில் எழவில்லை. அதன் சாயல்தான் இங்கே 132 அடி அகலத் தெருக்களாகக் கிடக்கிறது. நடந்து கடப்பவருக்கு அந்த அகலம் இன்று பெரும் சோதனை.

தண்ணீரை அவர்கள் பங்கிட்ட விதம் குறிப்பிடத்தக்கது. ஓடை யாருக்கும் தனிச்சொத்தாகக் கூடாது என்பதில் யங் உறுதியாக இருந்தார். வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து வெட்டவேண்டும். வெட்டிய உழைப்புக்கு ஏற்ப முறைத் தண்ணீர். இன்னாருக்கு இன்ன நாள், இன்ன மணி என்று முறை வைத்து, மடையைத் திறந்து அடைக்க ஓர் ஆளையும் நியமித்தார்கள். நள்ளிரவில் முறை வந்தால் நள்ளிரவில் எழுந்து போகவேண்டும். மேல்மடைக்காரன் கூடுதலாகத் திருப்பிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை அதே வழிபாட்டுக் கூடத்தில் கடைமடைக்காரன் முகத்தில் விழித்தாகவேண்டும். வறண்ட மேற்குப் பகுதியை ஆராய்ந்து 1878இல் அறிக்கை எழுதிய ஜான் வெஸ்லி பவல் இந்த ஏற்பாட்டைக் கவனித்துப் பாராட்டியிருக்கிறார். அண்டைவீட்டான் மேல் அன்பு வை என்பதை மேடையில் சொல்வது எளிது. வாய்க்கால் முறையில் அது மணிக்கணக்காக அளக்கப்படும்.

வாசிப்புக்கும் இதேபோல ஒரு முறை உண்டு. யூட்டாவில் அரசு உயர்நிலைப் பள்ளிகளின் அருகே, தெருவைக் கடந்தால், ஒரு சிறு கட்டடத்தைப் பார்க்கலாம். பள்ளி நிலத்தில் மதப்பாடம் கூடாது என்பதால் தனி நிலத்தில் சபை கட்டிய வேதவகுப்பு அது. 1912இல் கிரானைட் உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்தில் முதல் வகுப்பு தொடங்கியது. மாணவர்கள் கணக்குப் பாடம் முடித்து, தெருவைக் கடந்து, ஒரு மணி நேரம் வேதம் வாசித்து, மறுபடி தெருவைக் கடந்து வேதியியலுக்குப் போகிறார்கள். மற்ற ஊர்களில் விடியுமுன்னரே இந்த வகுப்பு நடக்கும். நான்கு நூல்களையும் ஒன்றாகக் கட்டிய தடித்த புத்தகம் அவர்கள் கையில் இருக்கும்: வெங்காயச் சருகு போன்ற தாள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வசனத்திலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டும் நுண்ணெழுத்துக் குறிப்புகள், ஓரங்களில் சிவப்புப் பென்சில் கோடுகள். இப்போது பலர் கைப்பேசியில் கோடு போடுகிறார்கள். திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கு என்று சபை ஒதுக்கிவைத்திருக்கிறது. 1915இல் அறிவுரையாக வந்தது, 1970இல் வாரநாள் உறுதியானது. 2019இல் ஞாயிறு வழிபாட்டை மூன்று மணியிலிருந்து இரண்டாகக் குறைத்து, மிச்சமான நேரத்தை வீட்டு வாசிப்புக்கு ஒப்படைத்தார்கள். ஒரு மதநிறுவனம் தன் மேடை நேரத்தைத் தானாகக் குறைத்துச் சாப்பாட்டு மேசையிடம் கொடுப்பது அடிக்கடி நடக்கும் செயல் இல்லை.

இந்த ஞாயிறு வகுப்பு மரபுக்கும் நம் ஊருக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பேலன்டைன் 1849 டிசம்பரில் சால்ட் லேக்கில் தன் சொந்த வீட்டிலேயே ஓர் அறையைக் கட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி, அங்கே முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். குடியேறி இரண்டே ஆண்டுகள் ஆன ஊர். பலர் வண்டியிலும் மண்குடிசையிலும் காலம் தள்ளிக்கொண்டிருந்த நேரம். அதே மனிதர் 1853இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். ஏறத்தாழ ஓராண்டு இங்கே தங்கி, துண்டுப் பிரசுரங்களும் ஓர் இதழும் அச்சிட்டுப் பரப்பினார், மிகச் சிலரே இணைந்தார்கள், திரும்பிப் போனார். சென்னையில் அவர் விட்டுச்சென்ற தடம் என்று சொல்ல அதிகமில்லை. அவர் வீட்டின் அந்த ஒற்றை அறையிலிருந்து கிளைத்த பழக்கம் மட்டும் இன்று பல நாடுகளில் பல மொழிகளில், தமிழிலும், நடக்கிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வசனத்தை நமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள் என்பது, எழுதியவன் நினைக்காததையெல்லாம் அதில் ஏற்றிப் படிப்பதற்கு உரிமம் கொடுப்பது ஆகாதா? ஏசாயா எருசலேமைப் பற்றிப் பேசினார். யூட்டாவைப் பற்றிப் பேசவில்லை. உரையாசிரியர்களை மதிக்கும் மரபில் வளர்ந்த எவரும் இதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும். மூலத்தின் காலத்தையும் இடத்தையும் அறியாமல் வாசிப்பவர் தன் விருப்பத்தையே வேதவாக்காகக் கேட்டுக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. ஆனால் அதை வரலாற்றறிவு மட்டும் தடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. மூலமொழி கற்ற பேரறிஞர்கள் அடிமை முறைக்கு வசனம் எடுத்துக் கொடுத்த காலமும் இருந்தது. என் தேவைக்கு ஏற்ப வளைக்கப்பட்ட வசனத்துக்கும் என்னை வளைக்கும் வசனத்துக்கும் உள்ள வேறுபாடு, அதைப் பொருத்தியபின் நான் எதையாவது இழந்தேனா என்பதில் தெரியும். இந்த அளவுகோலோடு எட்டுத் தெரு தள்ளிப் போய்ப் பார்க்கலாம்.

தொலைவிலிருந்தே தெரியும், 178 அடி உயரத்தில் வெள்ளையாக நிற்கும் தானியக் கொள்கலம். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்கள் நிறைந்திருந்த 1936இல் சபை தன் நலத்திட்டத்தைத் தொடங்கியது. இந்த வளாகம் 1938இல் உருவானது. கொள்கலம் 1940இல், தன்னார்வலர் உழைப்பில் எழுந்தது. இதற்குப் பணம் வரும் வழி இப்படி. மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பு. அடுத்தடுத்து இரண்டு வேளை உண்பதில்லை, நீரும் அருந்துவதில்லை. அந்த இரண்டு வேளைக்கு ஆகியிருக்கும் செலவை, முடிந்தால் அதற்கு மேலும், ஓர் உறையிலிட்டுப் பிஷப்பிடம் கொடுக்கிறார்கள். இது பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்கு அப்பாற்பட்டது. உண்மையான உபவாசம் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுதான் என்று ஏசாயாவின் 58ஆம் அதிகாரத்தில் வரும் கருத்தை அவர்கள் எடுத்துக்கொண்ட விதம் இது. பிஷப் என்றதும் அங்கியும் செங்கோலும் நினைவுக்கு வரவேண்டாம். இவர்களிடம் பிஷப் என்பவர் சம்பளமில்லாத உள்ளூர்க்காரர். பகலில் கணக்காளராகவோ குழாய் வேலை செய்பவராகவோ இருப்பார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பொறுப்பில் இருந்துவிட்டு மறுபடி கடைசி வரிசையில் போய் உட்கார்வார். வார்டு எனப்படும் அவருடைய சிறு சபைப்பகுதியில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், அவரும் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைவியும் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எது இருக்கிறது, எது இல்லை என்று பேசி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டோடு இங்கே வந்தால் போதும்.

உள்ளே பார்த்தால் சாதாரண மளிகைக் கடைதான். மாவு, பயறு, வெண்ணெய், பால், வேர்க்கடலைப் பசை, டப்பாவில் அடைத்த பீச் பழம். பலவற்றின் மேல் டெசரெட் என்ற முத்திரை. மார்மன் நூலில் தேனீக்கு உள்ள பெயர் அது. சற்று நின்று பார்த்தால்தான் ஏதோ குறைவது உறைக்கும். எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு இல்லை. வாசலில் கல்லாப்பெட்டி இல்லை. தன்னார்வலர் ஒருவர் தள்ளுவண்டியோடு கூடவே வந்து சீட்டில் உள்ளதை எடுத்துவைக்க உதவுவார். வாங்கியவரிடம் முடிந்த வேலை ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்பதும் உண்டு: அலமாரி அடுக்கலாம், டப்பா கட்டலாம். கொடுத்தவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது; யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. ஓர் ஏசாயா அதிகாரம், இரண்டு வேளைப் பசி, ஓர் உறை, ஒரு சமையலறைப் பேச்சு, ஒரு வெண்ணெய்க் கட்டி. வேதம் இவ்வளவு தூரம் நடந்து இங்கே வந்திருக்கிறது, வழிநெடுக விலை கொடுத்தவர் வாசித்தவர்தான். இதற்கு முன்னோடிகள் ஒத்தாசைச் சங்கத்துப் பெண்கள். 1876இல் தொடங்கி, அறுவடை முடிந்த வயல்களில் உதிரிக்கதிர் பொறுக்கிக் கோதுமை சேர்த்தார்கள், வேதாகமத்தில் ரூத் செய்ததுபோல. 1906இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் எரிந்தபோது அவர்களுடைய மாவு அங்கே போயிற்று. 1918இல், முதல் உலகப்போரின் நடுவே, ஏறத்தாழ இரண்டு லட்சம் புஷெல் கோதுமையை அமெரிக்க அரசு அவர்களிடமிருந்து வாங்கியது.

இவ்வளவு அழகாகச் சொல்லும்போது சபையின் செல்வத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. தன் பங்குமுதலீட்டின் அளவு வெளியே தெரியாதபடி பல நிழல் நிறுவனங்களின் பெயரில் கணக்குக் காட்டியதற்காக, 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் சபையின் முதலீட்டு நிறுவனத்துக்கு 40 லட்சம் டாலரும் சபைக்கு 10 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது. உறுப்பினரின் இரண்டு வேளைச் சோற்றைக் கேட்கிற சபை, தான் எவ்வளவு வைத்திருக்கிறது என்று சொல்ல ஏன் தயங்குகிறது? இதற்குத் திருப்தியான பதில் இல்லை. நோன்புக் காணிக்கை தசமபாகத்திலிருந்து வேறானது, ஏழைகளுக்கே போவது என்பது உண்மை. ஆனாலும் கேள்வி நிற்கிறது. என் அளவுகோல் தனிமனிதருக்கு மட்டும் என்றால் அது அளவுகோலே இல்லை. வேதத்தைப் பொருத்திக்கொள்வதில் சமையலறையில் கணக்கு வைக்கும் சங்கத் தலைவிக்கு உள்ள வெளிப்படைத்தன்மை தலைமையகத்துக்கும் வேண்டும்.

ஞான வார்த்தை என்று அவர்கள் அழைக்கும் உணவு நெறி 1833இல் வந்தது. மது இல்லை, புகையிலை இல்லை, காப்பியும் தேநீரும் இல்லை. வெளியார் இவர்களைப் பற்றி முதலில் அறிவது இதைத்தான். கலிபோர்னிய மார்மன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜேம்ஸ் என்ஸ்ட்ரம், ஈடுபாடுள்ளவர்களிடையே புற்றுநோய், இதயநோய் இறப்புகள் குறைவு என்று கண்டார். புகைக்காதவர் நெடுநாள் வாழ்வதற்கு வெளிப்பாடு தேவையில்லை என்று சொல்லலாம், சரிதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த வெளிப்பாடு கட்டளையாக அன்றி அறிவுரையாகவே வந்தது. 1840களில் மேற்கே புறப்பட்ட குடும்பங்களுக்கான பொருள் பட்டியலில் தேநீரும் காப்பியும் இருந்தன. 1921 வாக்கில்தான் அது கோவில் தகுதிச்சீட்டுக்கு நிபந்தனையாக இறுகியது. அதே வெளிப்பாட்டில் இறைச்சியைச் சிக்கனமாக, குளிரிலும் பஞ்சத்திலும் மட்டும் உண்ணுமாறு ஓர் அறிவுரை உண்டு. யூட்டாவின் கோடைக்கால வீட்டு முற்றங்களில் மாட்டிறைச்சி வாட்டும் மணம் அதைப் பொருட்படுத்துவதில்லை. காப்பிக் கோப்பை கண்ணுக்குத் தெரியும், குடித்தாரா இல்லையா என்று கேட்டுவிடலாம். சிக்கனத்தை அப்படிக் கேட்க முடியாது. எண்ணக்கூடிய வசனம் சட்டமாகிறது, எண்ண முடியாதது ஓரத்துக்குப் போகிறது. வேதத்தை அன்றாடப்படுத்தும் எல்லாச் சமூகங்களும் கவனிக்கவேண்டிய சறுக்கல் இது.

இதைவிடக் கொடிய சறுக்கலும் நடந்தது. 1852இல் பிரிகாம் யங் அறிவித்ததிலிருந்து 1978 ஜூன் வரை, ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்குச் சபையில் குருத்துவம் மறுக்கப்பட்டது. இந்தச் சபையில் தகுதியுள்ள ஆண் எவரும் குருத்துவம் பெறலாம் என்பதால் அந்த மறுப்பு சிறியதல்ல. ஆதியாகமத்தின் காயீன் கதையையும் ‘விலையேறப்பெற்ற முத்து’வின் சில வரிகளையும் எடுத்து, சாபம் இவர்கள் மேல்தான் என்று பொருத்தினார்கள். 2013இல் அந்த விளக்கங்களையெல்லாம் சபையே அதிகாரபூர்வமாக மறுத்துவிட்டது. அதேபோல, அமெரிக்கத் தொல்குடியினரை மார்மன் நூலில் வரும் லாமானியர் என்ற குலத்தினராக வாசித்ததன் தொடர்ச்சியாக, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல்லாயிரம் தொல்குடிப் பிள்ளைகள் பள்ளிக் காலத்தில் தங்கள் வீட்டைவிட்டு வெள்ளை மார்மன் குடும்பங்களில் வளர்க்கப்பட்டார்கள். நல்லெண்ணத்தோடு வரவேற்ற குடும்பங்கள் இருந்தன, நன்றியோடு நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் மொழியும் தாயின் அருகாமையும் யாருடைய கணக்கில் கழிந்தன? வாசித்தவர் கணக்கில் இல்லை. நோன்பு உறையில் வசனம் வாசிப்பவரிடம் கேட்டது. இங்கே அது வேறொருவரிடமிருந்து எடுத்தது. முறை ஒன்றுதான், விலை கொடுத்தவர் மாறினார். தொல்லியலும் மரபணுவியலும் மார்மன் நூலின் தொன்மைக் கதையை ஆதரிக்கவில்லை என்பதும், 2007இல் அதன் முன்னுரையில் லாமானியர் தொல்குடிகளின் முதன்மை மூதாதையர் என்ற சொல்லாட்சியை மாற்றி, மூதாதையருள் அவர்களும் உண்டு என்று குறைத்தார்கள் என்பதும் இங்கே பொருள்படும். வரலாறே ஐயத்துக்குரிய நூலைப் பின்பற்றி வாழ்வதில் என்ன பயன் என்று கேட்பவருக்கு, நூலின் ஆல்மா பகுதியே ஒரு சோதனையை முன்வைக்கிறது: வாக்கை விதைபோல நட்டுப் பார், முளைத்தால் நல்லது என்று தெரிந்துகொள். இந்தச் சோதனை விதையின் வரலாற்றை நிரூபிக்காது. அது தரும் பலனை மட்டுமே காட்டும். அதில் நான் ஒரு நிபந்தனை சேர்ப்பேன். யாருடைய நிலத்தில் நட்டாய் என்பதையும் பார்க்கவேண்டும்.

தன் விலையைத் தானே கொடுத்தாலும் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதைப் பார்க்கச் சால்ட் லேக்கிலிருந்து தெற்கே நானூறு கிலோமீட்டருக்கும் மேல் போகவேண்டும். சிவந்த பாறைகளுக்கு இடையே லாங் வேலி பள்ளத்தாக்கில், 89ஆம் நெடுஞ்சாலையோரம் ஆர்டர்வில் என்ற சிற்றூர். ஆதித் திருச்சபை எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்ததாக அப்போஸ்தலர் நூல் சொல்வதையும், 1831இல் ஜோசப் ஸ்மித்துக்கு வந்த அர்ப்பண நெறியையும் சொல்லுக்குச் சொல் கைக்கொள்ள 1875இல் இங்கே சில நூறு பேர் முடிவுசெய்தார்கள். நிலமும் கால்நடையும் ஒரே கணக்கில். உணவு ஒரே கூடத்தில். தையலகம், தோல்பட்டறை, நெசவு எல்லாம் தங்களுடையது. எல்லோருக்கும் ஒரே துணி. வறுமையில் வந்தவர்களுக்கு அங்கே வயிறு நிறைந்தது. பத்தாண்டுகளில் கலைந்தது. அவர்களிடையே அப்போது வழங்கிய பலதார மணத்துக்கு எதிரான அரசின் நெருக்குதலும் சபைத் தலைமையின் அறிவுரையும் உடனடிக் காரணங்கள். உள்ளே இருந்த காரணத்தைச் சொல்ல அந்த ஊரில் வழங்கும் ஒரு கால்சட்டைக் கதை உண்டு. ஆட்டுக்குட்டிகளின் வெட்டிய வாலில் ஒட்டியிருந்த கம்பளியை ஒரு பையன் பொறுக்கிச் சேர்த்து விற்று, கடையில் புதுமோஸ்தர் கால்சட்டை வாங்கி அணிந்துவந்தானாம். பெரியவர்கள் அவன் முயற்சியைப் பாராட்டினார்கள். ஆனால் ஒருவனுக்கு மட்டும் தனி உடை கூடாது என்று அதைப் பிரித்து, இனித் தைக்கும் கால்சட்டைகளுக்கு மாதிரியாக வைத்தார்கள். பழையது கிழிந்தால்தான் புதியது கிடைக்கும் என்பது விதி. அன்றுமுதல் ஊர்ப் பையன்கள் சாணைக்கல்லில் பின்புறத்தைத் தேய்த்துக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டார்களாம். அந்தப் பெற்றோர் தங்கள் விருப்பத்தால் விட்டுக்கொடுத்தவர்கள். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. ஒரு தலைமுறை தானாகக் கொடுத்த விலை அடுத்த தலைமுறைக்கு விதிக்கப்பட்ட விலையாகிறது. காப்பி குடிக்கத் தொடங்கிய மகன் குடும்ப விருந்தில் தனித்து உட்காரும் யூட்டா வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

திரும்பி வடக்கே வரும்போது உப்பு ஏரி. வனாந்தரத்தைப் பூக்கவைத்த வாய்க்கால்கள்தான் இன்று அதை வற்றவைக்கின்றன. ஏரிக்கு வரவேண்டிய ஆறுகளில் திருப்பப்படும் நீரில் பெரும்பங்கு வயலுக்கு, அதிலும் கால்நடைத் தீவனமான குதிரைமசாலுக்குப் போகிறது. 2022 நவம்பரில், அளவெடுக்கத் தொடங்கிய 1847ஆம் ஆண்டுக்குப் பிறகு காணாத தாழ்நிலைக்கு ஏரி இறங்கியது. கரை மைல்கணக்கில் பின்வாங்கிய இடத்தில் ஆர்செனிக் கலந்த புழுதி கிடக்கிறது. காற்றடித்தால் அது நகரத்துக்கு வரும். உப்பிறால் குறைந்தால் இந்த ஏரியை நம்பி வரும் லட்சக்கணக்கான வலசைப் பறவைகளுக்கு இரையில்லை. 1847இல் மடை திறந்தவர்கள் தங்கள் முதுகு ஒடிய உழைத்தார்கள், சந்தேகமில்லை. அந்த வசனத்தின் பாக்கி 175 ஆண்டுகள் கழித்து, அன்று பிறக்காதவர்களிடமும் பேச முடியாத பறவைகளிடமும் கேட்கப்படுகிறது. 2023 மார்ச்சில் சபை தன்னிடமிருந்த நார்த் பாயின்ட் நீர்ப்பாசன நிறுவனத்தின் 5,700க்கும் மேற்பட்ட நீர்ப்பங்குகளை ஏரிக்கென்று மாநிலத்துக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுத்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 ஏக்கர் அடி, அதாவது ஒரு டிஎம்சிக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். ஏரியின் தேவைக்கு முன் அது சிறிது. மாநிலத்துக்கு அதுவரை கிடைத்த நிரந்தர நீர்க்கொடைகளில் அதுவே மிகப் பெரியதாக இருந்தது. முன்பு வயலுக்குப் பாய்ந்த அந்த முறைத் தண்ணீர், இப்போது மடை திரும்பாமல் ஏரியின் ஃபார்மிங்டன் வளைகுடாவின் நாணல்களுக்கிடையே போய்ச் சேர்கிறது.